சூடாகாத டிரான்ஸ்ஃபார்மர்

“டிரான்ஸ்ஃபார்மரை இன்னைக்குப் பதினோரு மணிக்கு நிறுத்தணும் சார். ஒரே ஒரு மணி நேரம்.”

முதலாளியின் மேசைக்கு முன்னால் நின்று இதைச் சொன்னாள் அந்த இளம் எஞ்சினியர். கதவோரம் நின்ற எலெக்ட்ரீஷியன் கண்ணை இறுக மூடிக்கொண்டார், ஷாக் அடிக்கப்போவது முன்கூட்டியே தெரிந்துவிட்டவர் போல. தொழிற்சாலையில் எல்லாருக்கும் அவர் ஃபியூஸ் அண்ணன்.

அந்த வாளித் தொழிற்சாலையில் அவள் சேர்ந்த முதல் நாளே ஃபியூஸ் அண்ணன் எச்சரித்திருந்தார். “இங்க லீவு கேளு, சம்பளம் கூட்டிக் கேளு, முதலாளி உக்காந்திருக்கிற நாற்காலியை வேணும்னாலும் கேளு. பத்துல இருந்து ஒண்ணு வரைக்கும் டிரான்ஸ்ஃபார்மரை நிறுத்தணும்னு மட்டும் கேட்டுடாதே.”

“ஏன்?”

“அப்பதான் உற்பத்தி உச்சத்துல இருக்கும்.”

நாலு மாதமாக மீட்டரைப் பார்த்துவிட்டாள். உச்சம் சாயங்காலம் நாலு மணிக்கு. பத்திலிருந்து ஒன்று வரை பாதி மெஷின்கள் அச்சு மாற்றுவதற்காக வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். இது தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருக்க அவளுக்கு வராது. வராததால்தான் சேர்ந்த ஒரே வாரத்தில் அவளுக்கு ‘வெடி’ என்று பெயர் விழுந்தது. குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள். கஷ்டப்பட்டுப் படித்ததைச் சொல்லாமல் விழுங்குவதற்கா படித்தாள்?

“எதுக்கு நிறுத்தணும்?” என்றார் முதலாளி.

“அதுக்கு வயசு முப்பது சார். எண்ணெய் ஒழுகுது. பக்கத்துல நின்னாலே அனல் அடிக்குது. உள்ள சுருள் எந்த நிலைமையில இருக்குன்னு அளந்து பாத்தாத்தான் ரிப்பேரா, புதுசான்னு சொல்ல முடியும். சோதனை பண்ற வண்டி காலைலதான் வரும்.”

முதலாளி ஃபியூஸ் அண்ணனைப் பார்த்தார்.

“ஐயா, அந்த நேரத்துல நிறுத்தினா அது மனசு விட்டுடும்.”

“டிரான்ஸ்ஃபார்மருக்கு மனசா?” என்றாள் வெடி.

“முப்பது வருஷம் ஓடினா எல்லாத்துக்கும் வந்துடும் பாப்பா.”

முதலாளி சிரித்துவிட்டார். அவர் சிரித்தால் கோரிக்கை செத்தது என்று அர்த்தம்.

மத்தியானம் ஒரு மணிக்குக் கையெழுத்து வாங்க மறுபடி அந்த அறைக்குப் போனாள். வெளியே கார் ஹாரன் கேட்டது. டிரைவர் ஐந்தடுக்கு டிபன் கேரியரை இரண்டு கையாலும் ஏந்திவந்து மேசைமேல் வைத்தார். முதலாளி மூடியைத் திறந்தார். ஆவி குபுக்கென்று எழுந்து அவர் கண்ணாடியை மூடியது.

“பாத்தியா? பாத்தியா? என் வீட்டம்மா பதினொன்றரைக்குத்தான் அடுப்புல ஏத்துவா. பன்னண்டரைக்கு டிரைவர் போய் எடுத்துட்டு வருவான். இருபத்தேழு வருஷமா ஒருநாள் சாப்பாடு ஆறினதில்லை. நீங்க எல்லாம் படிக்கிறீங்க, வேலைக்கு வர்றீங்க, சரி. ஆனா இந்த ஆவி இருக்கு பாரு, இது எந்தப் பட்டத்துலயும் வராது.”

வெடிக்குக் காது மடல் சூடேறியது. அவள் வீட்டில் அம்மா நாலு அலுவலகங்களின் மாடிப்படியைத் துடைத்துவிட்டு வந்து, தானே தன் வீட்டின் நாலு மாடியையும் ஏற வேண்டும். முழங்கால் தேய்ந்துபோன அம்மா. வேலை நிரந்தரமானால் தொழிற்சாலைக்குப் பின்னாலுள்ள ஊழியர் குடியிருப்பில் தரைத்தளத்தில் இரண்டு அறை கிடைக்கும். படி கிடையாது. அந்தப் படியில்லாத வீட்டுக்காக ஆவியைப் பற்றி அவள் ஒன்றும் பேசவில்லை.

“வாயை மட்டும் பாத்துக்கோ” என்று அம்மா தினமும் சொல்லி அனுப்பினாள். “நிரந்தரம் ஆகுற வரைக்கும். அப்புறம் நீ பேசு, நானும் கூட வந்து பேசறேன்.”

நிறுத்தத்தானே கூடாது? குளிர வைக்கலாமே. மறுநாள் காலை ஒன்பது மணிக்கே பேக்கிங் பகுதியிலிருந்த பெரிய ஃபேனைத் தள்ளிக்கொண்டு போய், டிரான்ஸ்ஃபார்மர் கொட்டகையின் கம்பி வேலிக்கு வெளியே நிறுத்தி, அதன் விலாவில் வரிசையாக நிற்கும் தகடுகளைப் பார்த்து முழு வேகத்தில் ஓடவிட்டாள். தகடுகளுக்குள்தான் சூடான எண்ணெய் ஓடும். காற்று பட்டால் இறங்கிவிடும்.

அவள் கணக்கு தப்பவில்லை. பதினொரு மணிக்குச் சூடு மளமளவென்று இறங்கியிருந்தது. உற்சாகமாகக் குறித்துக்கொண்டாள்.

ஒரு மணிக்கு முதலாளி கேரியரைத் திறந்தார். ஆவி வரவில்லை. விரலை உள்ளே விட்டுப் பார்த்தார். அடுத்த அடுக்கிலும் விட்டுப் பார்த்தார். முகம் கறுத்தது. போனை எடுத்தார்.

“என்னம்மா, உடம்பு கிடம்பு சரியில்லையா? … இல்ல, சாப்பாடு ஆறியிருக்கு … இல்லம்மா, குத்தம் சொல்லலை … இருபத்தேழு வருஷத்துல …” போனை வைத்துவிட்டு வெடியின் பக்கம் திரும்பினார். “உன் ஃபைல் முனை ஏன் மடங்கியிருக்கு? பொறுப்புன்னா என்னன்னு உனக்குத் தெரியுமா?”

பத்து நிமிடத்தில் அவள் போன் அடித்தது. இதுவரை கேட்டிராத குரல், மெதுவாக, யாருக்கோ கேட்டுவிடக் கூடாது என்பது போல.

“எஞ்சினியர்தானே? நான் முதலாளியோட வீட்டம்மா. அந்த ஃபேனை எடுத்துடுங்க.”

வெடி போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்துக்கொண்டாள். தொழிற்சாலைப் பக்கமே வராத முதலாளியம்மாவுக்குக் கொட்டகையில் இருக்கும் ஃபேன் எப்படித் தெரியும்?

“மேடம், அது டிரான்ஸ்ஃபார்மரைக் குளிர வைக்கிறதுக்கு.”

“அது ஏன் குளிரணும்?”

“சூடு ஏறினா உள்ள காப்பு கெட்டுடும். காப்புன்னா தாமிரக் கம்பி மேல சுத்தியிருக்கிற காகிதம். அது கருகினா கம்பியும் கம்பியும் ஒட்டி எல்லாம் போச்சு.”

“காகிதமா? உள்ளயா? எண்ணெயில ஊறிட்டா இருக்கும்?” குரலில் இருந்தது எரிச்சல்தானா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. “இருங்க, மெதுவாச் சொல்லுங்க. எழுதிக்கிறேன்.”

எங்கேயோ மணி அடித்தது. போன் வைக்கப்பட்டது.

“எழுதிக்கிறாங்களாமா?” ஃபியூஸ் அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டார். “போச்சு. உன்னை மாட்டிவிடத்தான். ஃபேனை எடு முதல்ல.”

ஃபேனை எடுத்தாள். இரண்டு நாளில் சூடு முன்னைவிட ஏறியது, எண்ணெய் சொட்டுவது நின்று வழியத் தொடங்கியது. இனி ரிப்பேர் பேச்சுக்கே இடமில்லை என்று அவளே முடிவுகட்டி, புது டிரான்ஸ்ஃபார்மருக்கு மூன்று விலைப்பட்டியல் வாங்கி முதலாளி மேசைமேல் பரப்பினாள்.

முதலாளி நேராக மூன்றாவதை எடுத்தார். “இது என் நண்பன்கிட்ட இருக்கு. பழசுதான். ஆயிரம் கேவிஏ தாங்கும். நம்மது ஐநூறு. பெருசா இருந்தா ஒரு மரியாதை.”

“ரெண்டு பேர் சாப்பிட ஊருக்கே ஆக்குற அண்டாவைக் காய வைப்பாங்களா சார்? பெருசுன்னா மெஷின் ஓடலைன்னாலும் அதிகமாத் தின்னுட்டே இருக்கும். ராத்திரி, ஞாயித்துக்கிழமை, எல்லா நாளும்.”

தின்னும் என்ற சொல் முதலாளிக்கு உறைத்தது. யாருமில்லாத அறையில் விளக்கு எரிந்தால் மாடி ஏறி வந்து அணைக்கும் மனிதர் அவர். இரண்டாவதை எடுத்தார். “இது விலை கம்மி.”

“விலை கம்மி, இழப்பு ஜாஸ்தி. முதலாவதுதான் சார் சரி. ஐநூறு கேவிஏ, சுருளுக்கு உள்ள இருக்கிற இரும்பு நல்ல ரகம். வாங்கும்போது வலிக்கும். அப்புறம் மாசாமாசம் கரண்ட் பில்லைப் பாத்து நீங்களே சிரிப்பீங்க.”

முதலாளி ஒத்திகையாக ஒருமுறை சிரித்துப் பார்த்தார். பிடித்திருந்தது. “சரி. ஆனா கம்பெனி என் வீட்டம்மா பேர்ல, பேருக்கு அவதான் டைரக்டர். அவ அப்பா ஆரம்பிச்சது. அவ கையெழுத்து வேணும். அது ஒண்ணும் பிரச்சினையில்லை, நீட்டினா போட்டுடுவா. அவளுக்கு இதெல்லாம் என்ன புரியும்?”

மறுநாள் காகிதம் கையெழுத்தில்லாமல் திரும்பி வந்தது.

“இருபத்தேழு வருஷமா நான் நீட்டின எதையும் படிக்காமப் போட்டவ!” முதலாளி மேசையைத் தட்டினார். “இப்ப யோசிக்கணும்கிறா. நீ என்னத்தைச் சொல்லித் தொலைச்சே? எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை தொட்டு மூணு வாரம். அதுக்குள்ள கையெழுத்து வாங்கு. வாங்கினா நிரந்தரம். வாங்கலைன்னா வேற இடம் பாரு.”

வெடியே போன் போட்டாள். மறுமுனையில் பல பெண்கள் சிரிக்கும் சத்தம். ஏதோ கிளப்பில் உட்கார்ந்திருக்கிறார் என்று எண்ணிக்கொண்டாள்.

“புதுசு சூடாகுமா?” என்றார் முதலாளியம்மா எடுத்த எடுப்பிலேயே.

“ஆகாது மேடம்.”

“கொஞ்சம்கூடவா?”

“வெதுவெதுன்னு இருக்கும். அதுதானே மேடம் விசேஷமே.”

நீண்ட பெருமூச்சு. “அப்ப யோசிக்கணும்.”

உலகத்தில் எந்த முதலாளியம்மா சூடாகிற டிரான்ஸ்ஃபார்மர்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பாள்? பல்லைக் கடித்தாள். ஆனால் முதலாளியம்மா போனை வைக்கவில்லை.

“இழப்பு இழப்புன்னு எழுதியிருக்கீங்களே, அயர்ன் லாஸ், காப்பர் லாஸ். ரெண்டையும் வேறுபடுத்துக.”

“என்னது?”

“அதாவது… ரெண்டுக்கும் என்ன வேறுபாடு?”

சோதிக்கிறாயா? சோதி. வெடி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “அயர்ன் லாஸ்ங்கிறது வேலை வெட்டி இல்லாம வீட்டோட இருக்கிற மாப்பிள்ளை மாதிரி மேடம். மெஷின் ஓடினாலும் ஓடாட்டாலும் உக்காந்து தின்னுட்டே இருக்கும். காப்பர் லாஸ் வேலை செய்யறப்ப மட்டும் வேர்க்கிற ஆளு. ஆனா வேலை ரெண்டு மடங்கானா வேர்வை நாலு மடங்காகும்.”

மறுமுனையில் அடக்க முடியாத சிரிப்பு. “வீட்டோட மாப்பிள்ளை… இருங்க, இருங்க, இதை அப்படியே எழுதிக்கிறேன்.”

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஃபியூஸ் அண்ணன் சுவரில் சாய்ந்துவிட்டார். “பாப்பா, என்ன காரியம் பண்ணினே? முதலாளி யாருன்னு நினைச்சே? அந்த வீட்டோட மாப்பிள்ளைதானே அவரு! மாமனார் கம்பெனியில உக்காந்திருக்கிறவரு! அந்தம்மா எழுதி வேற வச்சுட்டாங்க.”

அன்று சாப்பாடு அவளுக்கு இறங்கவில்லை.

வேலை போகவில்லை. அதற்குப் பதில் போன் வந்தது. தினமும் வந்தது. சுருள் இணைப்பு மேலே ஏன் டெல்டா, கீழே ஏன் ஸ்டார்? “மேல மூணு கம்பிதான் வருது மேடம். கீழ மெஷினுக்கு மூணு போதும், ஆனா லைட்டுக்கும் ஃபேனுக்கும் நடுக்கம்பி ஒண்ணு வேணும். ஸ்டார்லதான் அந்த நடுப்புள்ளி கிடைக்கும்.” எண்ணெய் எதற்கு? ஏன் தகடு தகடாக அடுக்கிய இரும்பு, ஒரே கட்டியாகப் போட்டால் என்ன? ஒவ்வொரு பதிலுக்கும் “மெதுவா, மெதுவா.” ஒவ்வொரு பதிலும் எழுதப்பட்டது. ஒரு வார்த்தை தவறினாலும் அதைப் பிடித்துத் தன்னைத் தூக்கிவிடுவார்கள் என்று வெடி முந்தின நாளே பழைய பாடப் புத்தகங்களைப் புரட்டிப் படித்துவிட்டு வந்தாள். காலேஜில்கூட அவள் இத்தனை ஒழுங்காகப் படித்ததில்லை.

ஒருநாள் கணக்கே வந்தது.

“ஐநூறு கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர். அயர்ன் லாஸ் தொள்ளாயிரம் வாட். முழு லோடுல காப்பர் லாஸ் மூவாயிரத்து அறுநூறு வாட். எந்த லோடுல அதோட திறன் உச்சத்துல இருக்கும்?”

இத்தனை சுத்தமான எண்கள் எந்த நிஜ டிரான்ஸ்ஃபார்மரிலும் வராது. பொறி வைக்கிறார்கள். யாரோ படித்தவனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கேட்கிறார்கள். வெடிக்கு ரத்தம் கொதித்தது.

“ரெண்டு இழப்பும் சமமாகிற இடத்துல மேடம். தொள்ளாயிரத்தை மூவாயிரத்து அறுநூறால வகுத்தா கால். காலுக்கு வர்க்கமூலம் அரை. ஆக, பாதி லோடு. இருநூத்தம்பது கேவிஏ. நம்ம சராசரி லோடு அதை ஒட்டித்தான் இருக்கு. அதனாலதான் இதைத் தேர்ந்தெடுத்தேன். போதுமா, இல்ல படம் வரைஞ்சு பாகம் குறிக்கணுமா?”

“படம் எனக்கு வந்துடும்” என்றார் முதலாளியம்மா மிகவும் சாந்தமாக. “கையெழுத்தைப் பத்தி அப்புறம் பேசலாம்.”

மூன்றாவது வாரம் பிறந்தும் கையெழுத்து வரவில்லை. புதன்கிழமை பதினொன்றரை மணிக்கு, எண்ணெய் எவ்வளவு ஒழுகியிருக்கிறது என்று பார்க்க வெடி கொட்டகைக்குப் போனாள். பத்து மணிக்கு வழக்கமாகக் காணாமல்போகும் சாவி அன்றும் காணவில்லை. ஆனால் பூட்டும் தொங்கவில்லை. கதவைத் தள்ளினாள்.

உள்ளே ஃபியூஸ் அண்ணனும் டிரைவரும் முதுகைக் காட்டிக் குனிந்திருந்தார்கள். டிரான்ஸ்ஃபார்மரின் சூடான தகடுகளுக்கு நடுவில், கம்பிக் கொக்கியில் தொங்கி, மேலே சாக்குப் போர்த்திக்கொண்டு ஐந்தடுக்கு டிபன் கேரியர் பதமாக வெந்துகொண்டிருந்தது.

வெடி வெடித்தாள்.

“உங்களுக்கெல்லாம் மூளை இருக்கா? தலைக்கு மேல பதினோராயிரம் வோல்ட் போகுது! அதுக்குக் கீழ சோத்தைத் தொங்கவிட்டிருக்கீங்க!”

“கொக்கி மரப்பிடி போட்டதும்மா” என்றார் ஃபியூஸ் அண்ணன் பாதுகாப்பு உணர்வோடு.

“வெளிய வாங்க ரெண்டு பேரும்!”

வெளியே வந்து டிரைவர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். முதலாளி தூங்கி எழுவதற்குள் முதலாளியம்மா சமையலை முடித்துவிடுவார். முதலாளியைத் தொழிற்சாலையில் இறக்கிவிட்டு டிரைவர் மறுபடி வீட்டுக்குப் போவார், அம்மாவை வெளியே கொண்டுபோய் விடுவார், பத்து மணிக்குக் கேரியரோடு இங்கே வருவார். பன்னிரண்டரைக்குக் காரை எடுத்துக்கொண்டு தெருமுனை மரத்தடி வரை போய் ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிட்டு, ஒரு மணிக்கு ஹாரன் அடித்துக்கொண்டு வருவார்.

“எத்தனை நாளா?”

“மூணு வருஷமா.”

“அப்ப அந்த ஆவி?”

ஃபியூஸ் அண்ணன் டிரான்ஸ்ஃபார்மரைக் காட்டினார்.

“அந்தம்மா எங்க போறாங்க?”

டிரைவர் வானத்தைப் பார்த்தார். “அதைக் கேக்காதீங்கம்மா. சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்.”

கேட்க வேண்டியதே இல்லை. சிரிப்புச் சத்தம், மணிச் சத்தம், கிளப். தூங்கியும் ஊர் சுற்றியும் பொழுதைப் போக்க ஒரு தொழிற்சாலையே தினமும் கரண்டைக் கொட்டி எரிக்கிறது. அந்த ஆவியைக் காட்டித்தான் அந்த ஆள் அவளுக்குப் பாடம் நடத்துகிறார். மாடி ஏறிப்போய் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். இருபத்தேழு வருஷப் பெருமை பொட்டென்று போய்விடும்.

பாதிப் படி ஏறினாள். நின்றாள். ஒரு பெண் தன் புருஷனிடம் “சாப்பாடு ஆறித்தான் போகும், சாப்பிடுங்க” என்று சொல்லப் பயந்து, டிரான்ஸ்ஃபார்மரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறாள். கோபம் அப்படியே இருந்தது. ஆனால் அது முதலாளியம்மாவை விட்டு விலகி, மாடியில் உட்கார்ந்திருந்தவர் பக்கம் திரும்பிவிட்டது. இறங்கிவந்து போன் போட்டாள்.

“மேடம், கேரியர் எனக்குத் தெரிஞ்சுபோச்சு.”

அந்தப் பக்கம் ஏதோ கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, “என்ன வேணும் உங்களுக்கு?”

“கையெழுத்து. அது குடுத்தாலும் குடுக்காட்டாலும் நான் யார்கிட்டயும் சொல்லப்போறதில்லை. எனக்கு இதெல்லாம் பிடிக்கலை, அது வேற. அந்தப் பழசு என்னைக்காவது தீப்பிடிச்சா சாப்பாடு மட்டும் கருகாது மேடம், ஆளும் கருகும். அதனால கேளுங்க. புது டிரான்ஸ்ஃபார்மரோட ஒரு கன்ட்ரோல் பெட்டி வரும். ஈரம் புடிக்காம இருக்க அதுல சின்னதா ஹீட்டர் வைக்கிறது வழக்கம். நான் ஹீட்டரைக் கொஞ்சம் பெருசாக்கி, தனி அறையா அடைச்சு, உள்ள ஒரு தட்டு போடச் சொல்றேன். ஐந்தடுக்குக் கேரியர் தாராளமா நிக்கும். கரண்ட் கம்பி பக்கத்துலயே வராது.”

முதலாளியம்மா சிரிக்கத் தொடங்கி, சிரிப்பு இருமலாகி, இருமல் நின்றபின், “வெள்ளிக்கிழமை காகிதத்தை அனுப்புங்க. ஒரே ஒரு கேள்வி” என்றார்.

“கேளுங்க” என்றாள் வெடி அலுப்போடு.

“மூணு ஃபேஸ் டிரான்ஸ்ஃபார்மர் ரெண்டை இணையா ஓட்டணும்னா என்னென்ன நிபந்தனைகள்?”

சொன்னாள். எழுதிக்கொள்ளும் வேகத்துக்கு நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். பழகிவிட்டது.

வியாழக்கிழமை காலை, கையெழுத்து வரப்போகிறது என்று சொல்ல முதலாளி அறைக்குப் போனாள்.

“சந்தோஷம்” என்றார் முதலாளி. “ஆனா ஒரு கையெழுத்துக்கு மூணு வாரம் எடுத்திருக்கே. நிரந்தரத்தை இன்னும் ஆறு மாசம் கழிச்சுப் பாப்போம். அந்தக் குடியிருப்பை இப்போதைக்கு வாளி அடுக்க வச்சுக்கறேன். நிரந்தரம் பண்ணின உடனே நீங்க கல்யாணம் பண்ணிட்டுப் போயிடுறீங்க. என் வீட்டம்மாவைப் பாரு, வெளிய ஒரு அடி எடுத்து வச்சிருப்பாளா? அதான் குடும்பம்.”

வெடி வாயைத் திறந்தாள். மூடினாள். அங்கே சேர்ந்ததிலிருந்து அவள் செய்ததிலேயே கஷ்டமான வேலை அதுதான்.

அன்று வீட்டில் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அம்மா முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன எழுதறே?”

“ராஜினாமா.”

அம்மாவின் கை முழங்கால்மேல் நின்றது. படியில்லாத வீடு அந்த ஒரு நொடியில் வந்து போனது.

“பேசிட்டியா அந்த ஆள்கிட்ட?”

“இல்லம்மா. பேசாம வந்துட்டேன். அதான் எழுதறேன்.”

“தெளிவா எழுது. உன் எழுத்து எப்பவும் கோழி கிண்டின மாதிரி இருக்கும்.” மறுபடி தேய்க்கத் தொடங்கினாள். “எழுதிட்டு வந்து சாப்பிடு. ஆறிப்போகுது.”

“ஆறட்டும்மா. ஆறின சாப்பாடுதான் எனக்குப் பிடிக்குது.”

வெள்ளிக்கிழமை காலை டிரைவர் முதலாளியம்மாவை அழைத்துப்போகக் கிளம்பும்போது, அவர் கையில் ஒரு உறை கொடுத்தாள். உள்ளே இரண்டு காகிதம். ஒன்று டிரான்ஸ்ஃபார்மர் ஆர்டர். இன்னொன்று ராஜினாமா. கம்பெனி யார் பேரில் இருக்கிறதோ அவரிடம்தானே கொடுக்க வேண்டும்?

பத்து மணிக்கு உறை திரும்பி வந்தது. ஆர்டர் மட்டும் இருந்தது, கையெழுத்தோடு. ராஜினாமா இல்லை. எடுத்து வைத்துக்கொண்டுவிட்டார். அவ்வளவுதான், முடிந்தது. மூன்று வாரம் யோசித்த முதலாளியம்மாவுக்கு இதற்கு மூன்று நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. நெஞ்சில் ஏதோ லேசாகக் குத்தியது. அதையும் கோபம் என்றே எடுத்துக்கொண்டாள்.

ஒரு மணிக்கு முதலாளியின் அறைக்குள் நுழைந்தாள். கேரியர் திறந்திருந்தது. ஆவி பறந்தது.

“இந்தாங்க சார், ஆர்டர். டைரக்டர் கையெழுத்துப் போட்டாச்சு.”

முதலாளி கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தார். “ஐநூறு கேவிஏ… சரி… செம்புச் சுருள்… சரி… இது என்ன கடைசி வரி? ஹீட்டர் அறை, உள்ளே தட்டுடன்?”

“ஈரம் புடிக்காம இருக்க சார்.”

“தட்டு எதுக்கு?”

“வச்சு எடுக்க வசதியா இருக்கும்.”

“எதை?”

“மெயின்டனன்ஸ் சாமானை.”

“தண்டச் செலவு. வெட்டிடு.”

“வெட்ட முடியாது சார். டைரக்டர் கையெழுத்துக்கு மேல நீங்களும் நானும் கைவைக்கக் கூடாது.”

முதலாளி அவளை ஏற இறங்கப் பார்த்தார். அந்த விதி தனக்கும் பொருந்தும் என்று அவர் அன்றுதான் முதல்முறை கேள்விப்பட்டார். சமாளித்துக்கொண்டு கேரியர் மூடியை உயர்த்திக் காட்டினார். “எல்லாம் சரி. இதைப் பாரு. இந்தச் சூட்டுக்கு ஈடு உண்டா?”

“இல்லை சார். இதுல உங்க வீட்டம்மாவோட திறமை எனக்கு நல்லாவே தெரியும்.” கொட்டகைச் சாவி, மீட்டர் அறைச் சாவி, அடையாள அட்டை மூன்றையும் எடுத்து மேசைமேல் வைத்தாள். “நான் வேலையை விட்டுட்டேன் சார். ராஜினாமா டைரக்டர்கிட்ட காலைலயே போயாச்சு.”

“டைரக்டரா? அது… ஏய், நில்லு, புது டிரான்ஸ்ஃபார்மரை யார் மாட்டுறது?”

“அதுக்கும் மனசு இருக்கும் சார். கேட்டுப் பாருங்க.”

கதவை மூடிவிட்டு வந்தாள். மெஷின் ஓட்டுகிறவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். ஃபியூஸ் அண்ணன் கொட்டகை வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அவள் யாரிடமும் நிற்கவில்லை. சிவப்பும் நீலமுமாக அடுக்கியிருந்த வாளிகளுக்கு நடுவே நேராக நடந்து கேட்டைத் தாண்டினாள்.

வெளியே கார் நின்றது. டிரைவர் அவளைப் பார்த்ததும் இறங்கி ஓடிவந்தார். இன்றைக்கு மரத்தடியில் தூங்கிய முகமாகத் தெரியவில்லை.

“என்ன, உங்கம்மா தூங்கி எழுந்தாச்சா? இல்ல கிளப்புல இன்னும் சிரிச்சு முடியலையா?” என்று கேட்டபடியே அவரைக் கடந்து நடந்தாள் வெடி.

“என்ன கிளப்பும்மா, பாலிடெக்னிக்! மூணாம் வருஷம் எலெக்ட்ரிகல், இன்னைக்குத்தான் கடைசிப் பரீட்சை, நீங்க போன்ல போட்டுக் காட்டின அந்தப் பாதி லோடு கணக்கே வந்துச்சாம். அதனால டீச்சரோட ராஜினாமாவுல கையெழுத்துப் போட முடியாதுன்னு சொல்லச் சொன்னாங்க!”